சாட்சி என்றால் என்ன?

(திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தருகில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், சட்டக் கல்லூரிகளில் பிள்ளைகள் படிக்கும் சாட்சியச் சட்டத்தைப் பற்றியதாகும். இது வக்கீல்கள் சமாச்சாரமாயிற்றே, நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். ஆனால் அடிபடுகிறவர்களும், ஜெயிலுக்குப் போகிறவர்களும் பெரும்பாலும் வக்கீல்களல்லவே! நாம்தானே?

இந்த நிலையத்தில் முசிறி வண்டிக்கும் லால்குடி வண்டிக்கும் ஜனங்கள் முண்டியடிக்கும்போது, எவனோ ஒருவன் ஜேப்படித் திருடன் என்று கூச்சலிட்டால் என்ன நடக்கும்? அழுக்கு வேட்டி கட்டியவன் எவனோ அவன் முதுகில்தான் முதல் அடி விழும். பார்த்தது யார் என்று கேட்டால், அவர் சொன்னார், இவர் சொன்னார் என்பதைத் தவிர வேறு பதில் வராது. சாட்சியச் சட்டமோ, கண்டதைக் கண்டவனே சொல்ல வேண்டும், கேட்டதைக் கேட்டவனே சொல்ல வேண்டும் என்கிறது. குற்றம் சாட்டுகிறவன்தான் அதை ருசுப்படுத்த வேண்டுமென்பதும் அதன் பொதுவிதி.

இதற்கு முன் நம் நாட்டில் சாட்சிக்கு என்ன யோக்கியதை கேட்டார்கள்? மனுதர்மத்தின் 8-ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். பெண்ணுக்குப் பெண்ணும், சூத்திரனுக்குச் சூத்திரனும் சாட்சியாம். பார்ப்பனரை வெறுமனே சொல்லச் சொன்னால் போதுமாம். சூத்திரனையோ சகல பாதகமும் வந்து சேருமென்று மிரட்டிக் கேட்க வேண்டுமாம்! அதுவும் போதாவிட்டால் நெருப்பைத் தூக்கச் சொல்லியும் தண்ணீரில் மூழ்கச் சொல்லியும் பார்க்கலாமாம். நெருப்புக்குப் பொய்யும் மெய்யும் எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

1872-ல் ஸ்டீபன் என்ற வெள்ளைக்காரர் வகுத்த இந்திய சாட்சியச் சட்டம், கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொல்லக்கூடிய எவரும் சாட்சியாகலாம் என்றது. ஜாதியில்லை, ஆண் பெண் வித்தியாசமில்லை. வெள்ளைக்காரன் நம்மீதுள்ள அன்பினால் இதைச் செய்தான் என்று நாம் சொல்ல வரவில்லை. தன் ராஜ்யம் நடப்பதற்காகச் செய்தான். ஆனாலும் மனுவின் வேலியில் ஒரு பக்கம் அதனால் சாய்ந்தது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாகப் பாரதிய சாக்ஷிய அதிநியம் வந்திருக்கிறது. பெயர்தான் நம் வாயில் நுழையாத வடமொழி. உள்ளே பெரும்பாலும் பழைய விதிகளே.

அவற்றில் நீங்கள் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது ஒன்றுண்டு. போலீஸ் அதிகாரியிடம் ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்படுவது குற்றத்திற்கு ருசுவாகாது. அதனால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்குச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டுமே செல்லும். ஏனெனில் அடித்தால் எவனும் எதையும் ஒப்புக்கொள்வான். அடி உண்மையைக் கொண்டு வருவதில்லை. அடிக்கிறவனுக்கு வேண்டியதையே கொண்டு வரும். 2010-ல் செல்வி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, ஒருவரின் சம்மதமின்றி மயக்க மருந்து கொடுத்தோ, பொய் கண்டறியும் கருவி வைத்தோ சோதிக்கக் கூடாதென்றும் தீர்ப்பளித்தது.

நிற்க, சட்டம் நன்றாயிருந்தால் மட்டும் போதுமா? 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். விசாரணைக் கோர்ட்டு மிராசுதாரர் சிலரைத் தண்டித்தது. 1973-ல் சென்னை ஐகோர்ட்டு அவர்களை விடுதலை செய்தது. பணக்காரர்களான மிராசுதாரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களென்று நம்புவது கஷ்டம் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று! தோழர்களே, இது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு? பணக்காரன் தீ வைக்க மாட்டான், ஏழை பொய் சொல்வான் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? புத்தகத்திலிருந்து மனு போனாலும் புத்தியிலிருந்து போகவில்லை என்பதற்கு வேறென்ன ருசு வேண்டும்?

ஆகவே கோர்ட்டில் கேட்கிறவனும், பேசுகிறவனும், எழுதுகிறவனும் யார் என்பது முக்கியம். இதே திருச்சியில் 1979 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. 2013 முதல் தேசிய சட்டப் பல்கலைக் கழகமும் நடக்கிறது. உங்கள் பிள்ளைகளை, முக்கியமாகப் பெண்களை, அங்கே அனுப்புங்கள். பெண் வக்கீலாகக் கூடாதென்ற தடை 1923-ம் வருஷத்துச் சட்டத்தாலேயே ஒழிந்துவிட்டது. இன்னும் உங்கள் வீட்டில் தடை எதற்கு?

கூண்டேறும்போது கடவுள்மேல் ஆணையிட வேண்டிய கட்டாயமுமில்லை. உண்மை சொல்வதாக உறுதி கூறினால் போதுமென 1969-ம் வருஷத்து ஆணைச் சட்டம் இடம் தருகிறது. கூண்டில் அப்படிச் சொன்னபின் அதன்படி நடப்பது நம் பொறுப்பு.

கடைசியாக, நாம் சொன்னோம் என்பதற்காக இவற்றில் எதையும் நம்பிவிடாதீர்கள். யார் கண்டது, எப்படித் தெரியும், எதிர்த்துக் கேட்டால் நிற்குமா என்று கேளுங்கள். கோர்ட்டில் மட்டுமல்ல, கோவிலிலும், பஞ்சாயத்திலும், மேடையிலும் கேளுங்கள். அடுத்த முறை இங்கே எவனாவது திருடன் என்று கூச்சலிட்டால், ஓங்கிய கையை ஒரு நிமிஷம் நிறுத்தி, நீ பார்த்தாயா என்று கேளுங்கள் என்று சொல்லி முடித்துக் கொள்கிறோம்.