சிறுநீரகமும் ஐதரசன் வாயுவும்: நம்பிக்கையும் நிதானமும்

(நோத்ர-டாம்-த-கிரேஸில் நடைபெற்ற பெற்றோர் – இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஐதரசன் வாயுவைச் சுவாசித்தால் சிறுநீரகம் காக்கப்படும் என்ற செய்தி எம்மவரிடையே பரவி வருகின்றது. இதில் எவ்வளவு உண்மை உண்டு?

குருதியோட்டம் தடைப்பட்டு மீளும்போதும், சில கடும் மருந்துகளை உட்கொள்ளும்போதும், தீங்கு விளைவிக்கும் ஒட்சிசன் மூலக்கூறுகள் பெருகிச் சிறுநீரகக் கலங்களைச் சிதைக்கின்றன. ஐதரசன் அவற்றுள் மிகக் கொடியவற்றைத் தணிக்கும் என்று 2007 இல் யப்பானியப் பேராசிரியர் சிகியோ ஓட்டாவின் குழுவினர் அறிவித்தனர். 2009 இல், சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்து கொடுக்கப்பட்ட சுண்டெலிகளில், 1 விழுக்காடு ஐதரசன் கலந்த காற்று சிறுநீரகப் பாதிப்பைக் குறைத்தது. இது நம்பிக்கை தரும் செய்தியே.

ஆனால் சுண்டெலி வேறு, மனிதர் வேறு. யப்பானில் இதயத்துடிப்பு நின்று மீட்கப்பட்ட 73 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2023 இல் வெளியானது. ஐதரசன் பெற்றோரில் 85 விழுக்காட்டினரும் ஏனையோரில் 61 விழுக்காட்டினரும் 90 நாட்களின் பின் உயிருடன் இருந்தனர். எனினும், முதன்மையாக அளக்கப்பட்ட மூளைச் செயற்பாட்டில் வேறுபாடு உறுதிப்படவில்லை. அது சிறுநீரகத்திற்கான ஆய்வும் அன்று.

மாறாக, டாபாகிளிஃப்லோசின் என்னும் மாத்திரை 4,304 சிறுநீரக நோயாளரிடம் சோதிக்கப்பட்டு, நோய் முற்றும் ஆபத்தைக் குறைக்கும் என்று 2020 இல் நிறுவப்பட்டது. 73 எங்கே, 4,304 எங்கே?

பெற்றோர்களே, ஐதரசன் கருவிகளுக்குப் பணம் செலவிடுமுன் சிந்தியுங்கள். காற்றில் 4 விழுக்காட்டைத் தாண்டினால் அவ்வாயு தீப்பற்றக்கூடியது. நீரிழிவும் உயர் குருதி அழுத்தமும் எம்மவரின் சிறுநீரகங்களைச் சத்தமின்றி அரிக்கின்றன. ஆண்டுதோறும் குருதியில் கிரியேற்றினின் அளவையும் சிறுநீரில் புரதத்தையும் சோதிப்பியுங்கள். வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேளாது நாள்தோறும் விழுங்காதீர்கள்.

இளையோரே, பிரெஞ்சும் ஆங்கிலமும் அறிந்த நீங்களே உங்கள் பெற்றோரின் குரல். மருத்துவரிடம் அவர்களுடன் செல்லுங்கள். "இந்த மாத்திரை அப்பாவுக்குப் பொருந்துமா?" என்று கேளுங்கள்.

தாயகத்தையும் மறவாதீர்கள். 1990களில் இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் உழவரிடையே கண்டறியப்பட்ட, காரணம் இன்னும் முழுதாய்த் தெளியாத சிறுநீரக நோய் வவுனியாப் பகுதியையும் தொட்டுள்ளது. அங்குள்ள உறவுகளுக்கு நாம் அனுப்ப வேண்டியது வாயுக் கருவியன்று. தூய குடிநீருக்கும் காலந்தவறாத பரிசோதனைக்குமான ஆதரவே.