ஒரு வளவு, மூன்று அடுப்பு, ஒரு மீற்றர்

சூரிய மின்சாரம் நல்லதா கெட்டதா என்று இன்று பேசப் போவதில்லை. அது யார் கூரையில் ஏறுகிறது, அதன் ஆதாயம் யாருடைய பில்லில் இறங்குகிறது என்பதுதான் பேச்சு. முதலில் ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் மாதம் 30 யூனிட் எரிக்கும் வீடு: நாலு பல்பு, ஒரு ஃபேன், போனுக்குச் சார்ஜ். 2022 ஓகஸ்டுக்கு முன் யூனிட் 2 ரூபா 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபா, ஆக 105 ரூபா. அந்த ஓகஸ்டில் அதே வீட்டுக்கு 360 ரூபா வந்தது. 2023 பெப்ரவரியில் யூனிட் 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா என்றாகி, பில் 1,300 ரூபாவில் நின்றது. அந்த வீட்டில் ஒரு பல்புகூடக் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள். சரி, குப்பி விளக்குக்குத் திரும்பலாமென்றால், மண்ணெண்ணெயும் 2022 ஓகஸ்டிலேயே லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போயிருந்தது. 2023இல் மட்டும் நாடெங்கும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டதாகப் பாராளுமன்ற மேற்பார்வைக் குழுவொன்று சொன்னது. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்துவிட்டோம் என்று பெருமைப்படும் நாட்டில் இது நடந்தது.

பிறகு கட்டணம் குறைந்ததே என்பீர்கள். குறைந்தது உண்மை; 2025 ஜூனில் 15 சதவீதம் மறுபடி ஏறியதும் உண்மை. ஆனால் ஏற்ற இறக்கத்தைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. குறைவாக எரிப்பவர் ஏழை, கூட எரிப்பவர் வசதியானவர் என்று நமது கட்டண முறை எடுத்துக்கொள்கிறது. கல்முனையில் பாண்டிருப்பு, மருதமுனை, சாய்ந்தமருதுப் பக்கம் வளவுகள் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மகளுக்கு வீடு கொடுப்பது இங்கு தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொது வழக்கம். காணியோ கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு கீற்று. தாய் வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்து, பின்னால் ஒரு அறை இறக்கி இளையவளைக் குடிவைத்தால், பெற்றோருடையதோடு மூன்று அடுப்பு எரியும், மீற்றர் ஒன்றுதான் ஓடும். அடுப்புக்கு 30 யூனிட் என்றாலும் மீற்றரில் 90 விழும். 60ஐத் தாண்டினால் அடிமட்டச் சலுகை முழுக்கப் போய்விடும். 2022 ஓகஸ்டுக்கு முந்திய கட்டணத்தில் கணக்குப் போட்டால், மூன்று மீற்றராக இருந்தால் 315 ரூபா; ஒரே மீற்றரில் 861 ரூபா. தனி மீற்றர் எடுக்கலாமே என்றால் அதற்கும் காசு வேண்டும், காணிக் கடதாசியும் வேண்டும்.

இந்த இடத்தில்தான் சோலார் வருகிறது. 2016இல் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ திட்டத்தில் கூரையிலிருந்து மின்சார சபைக்கு விற்கும் யூனிட்டுக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபா, பிறகு 15 ரூபா 50 சதம் என்றிருந்தது. அப்போது மாதம் 180 யூனிட்டுக்கு மேல் எரிப்பவர் மேலதிக யூனிட்டுக்கு 45 ரூபா கட்டினார். அவர் கூடக் கட்டிய காசும் ஏழையின் 2 ரூபா 50 சதத்தைத் தாங்கியது. சோலார் பூட்டியதும் முதலில் அந்த உயர்ந்த கட்டணத்திலிருந்து விடுபட்டவரும் அவரே. கம்பி, ட்ரான்ஸ்போமர், இரவு நேர மின்சாரம் ஆகியவற்றின் செலவு அப்படியே இருக்க, அதைச் சுமக்கும் தோள்கள் குறைந்தன. தன் காசைப் போட்டு, கடன்பட்டுப் பூட்டியவரைக் குறை சொல்வதா என்று சிலர் கோபிக்கலாம். கோபம் நியாயம். டீசல் எரிப்பதைக் குறைத்ததில் அவருக்குப் பங்கு உண்டு. என் வழக்கு அவரோடு இல்லை. நல்ல கூரையும் வங்கிக் கடனும் உள்ளவர் மட்டுமே நுழையக்கூடிய வாசலை வைத்த விதியோடுதான்.

மாற்று வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இந்தியாவின் நன்கொடையில் 5,000 வணக்கத் தலங்களுக்கு 5 கிலோவாற் வீதம் சோலார் பூட்டும் திட்டம் 2025 ஏப்ரலில் தொடங்கிவைக்கப்பட்டது. நம் வெயிலுக்கு 5 கிலோவாற் தொகுதி மாதம் ஏறத்தாழ 500 முதல் 600 யூனிட் தரும். ஒரு கோயிலோ பள்ளிவாசலோ அதில் பாதியை வைத்துக்கொண்டு மீதியை அயல் வீடுகளின் கணக்கில் வரவு வைத்தால், 30 யூனிட் வீடுகள் எட்டுப் பத்துக்குப் போதும். பகலில் விளையும் மின்சாரம் இரவு பல்பு எரிக்கும் ஏழைக்கு எப்படி உதவும் என்பது நியாயமான கேள்விதான். பற்றரி இல்லாமல் அந்தச் சிக்கல் முழுதாகத் தீராது; 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகல் மின்சாரம் மிஞ்சும் என்று கூரைச் சோலாரை நிறுத்திவைக்கும்படி சபையே கேட்டது. ஆனால் பகலில் கொடுத்ததை இரவில் கழித்துக்கொள்ளும் வசதி பெரிய வீடுகளுக்கு ஏற்கெனவே உண்டு. அதையே பத்துச் சின்ன வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பதில் என்ன தடை? டெல்லியில் ஓரிடத்துச் சோலாரைப் பல வீட்டுக் கணக்கில் பங்கிடும் விதி 2019இலேயே வந்துவிட்டது.

நேரம் முடிகிறது நேயர்களே. கட்டணத்தை மாற்றுமுன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்கும், எழுதியும் அனுப்பலாம். அடுத்த முறை கல்முனையிலிருந்து போகும் கடிதங்களில் விலைக் குறைப்போடு இந்தப் பங்கீட்டு விதியையும் கேட்டு எழுதுவீர்கள் என்று நம்புகிறேன்.