பழஞ்சொல்லும் புதுக்கோலமும்

தமிழகத்திற்கு வெளியே வாழும் நம்மவர் ஒன்றுகூடிப் பழைய நாடகம் ஒன்றை மேடையேற்ற எண்ணும்போதெல்லாம் ஒரு வினா தவறாமல் எழுகிறது. மொழியை என்ன செய்வது என்பதே அவ்வினா. பொங்கல் விழா ஒன்றிற்காக ‘மனோன்மணீய’த்திலிருந்து இரண்டு காட்சிகளை நடிக்கலாம் என்று ஒருமுறை நம் வட்டத்தில் முடிவாயிற்று. பெ. சுந்தரம் பிள்ளை 1891ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்யுள் நாடகம் அது. அதன் தொடக்கத்திலுள்ள தமிழ்த்தெய்வ வணக்கம் நம் குழந்தைகளுக்கும் பழக்கமானது. தமிழ்த்தாய் வாழ்த்தாக அவர்கள் பாடுவது அதன் ஒரு பகுதியைத்தான். ஆனால் வாழ்த்தைத் தாண்டி நாடகத்திற்குள் நுழைந்தவுடன் பெற்றோர் பலர் தயங்கினர். “இந்தச் செய்யுள் நடை நம் பிள்ளைகளின் வாயில் நுழையாது, கேட்பவர்களுக்கும் புரியாது. கதையை மட்டும் வைத்துக்கொண்டு, பேச்சை எளிய உரைநடையாக மாற்றிவிடுவோம்” என்றனர். நாமும் முதலில் அந்தப் பக்கமே நின்றோம். நம் கருத்தை மாற்றியவை ஆங்கிலத் திரைப்படங்கள் சில. அவற்றைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

ஆங்கில நாடகப் பேராசான் ஷேக்ஸ்பியர் மறைந்தது 1616ஆம் ஆண்டில். அவருடைய மொழி இன்றைய ஆங்கிலேயருக்கே எளிதன்று. வழக்கொழிந்த சொற்கள் பல. பொருள் திரிந்த சொற்கள் அவற்றினும் பல. அடிக்குப் பெரும்பாலும் பத்து ஒலிகள், ஒன்று மெலிந்தும் அடுத்தது அழுந்தியும் வருகின்ற செய்யுள் நடை. அந்நாடகங்களை அக்கால உடையும் அரண்மனையுமாகப் படமெடுத்தவர் பலர். வேறு சிலரோ துணிவான மற்றொரு வழியைத் தேர்ந்தனர். ஊரை மாற்றினர், உடையை மாற்றினர், குதிரையை அகற்றி மோட்டார் வண்டியையும், வாளை அகற்றித் துப்பாக்கியையும் வைத்தனர். மொழியை மட்டும் மாற்றவில்லை.

இவற்றுள் பெரும்புகழ் பெற்றது பாஸ் லூர்மன் 1996இல் எடுத்த ‘ரோமியோ + ஜூலியட்’. லியனார்டோ டிகாப்ரியோவும் கிளேர் டேன்ஸும் தலைமக்களாக நடித்தனர். இத்தாலியின் வெரோனா நகரம் இங்கே ‘வெரோனா கடற்கரை’ என்னும் கற்பனை நகரமாகிறது. பெரும்பகுதி மெக்சிகோ நகரில் படமாக்கப்பட்டது. நாடகத்தின் முன்னுரையைத் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவர் ஒருவர் செய்தியாகவே சொல்கிறார். பாத்திரங்கள் வாளைக் குறித்துப் பேசுகின்றனர், கையிலிருப்பதோ துப்பாக்கி. அம்முரண்பாட்டை இயக்குநர் எவ்வாறு தீர்த்தார் தெரியுமா? துப்பாக்கியின் மேல் ‘வாள்’ என்னும் சொல்லை வணிகப் பெயராகப் பொறித்துவிட்டார். ஒரு கணம் அப்பெயரைக் கண்முன் காட்டுகிறார். அதன்பின் எத்தனை முறை வாள் என்று சொன்னாலும் நமக்கு உறுத்துவதில்லை.

இப்படத்தை நம் வீட்டில் பேத்தியுடன் அமர்ந்து பார்த்தோம். அவளுக்கு அப்போது வயது பதினான்கு. தொடக்கத்தில் ஐந்து நிமிடம் முகம் சுளித்தாள், “என்ன தாத்தா பேசுகிறார்கள்?” என்று இருமுறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை. கதை முற்றிய இடத்தில், துறவி ரோமியோவுக்கு எழுதும் கடிதம் அவன் கைக்குச் சேராமல் போகிறது. நாடகத்தில் கொள்ளைநோய்க் காவலால் தடைப்படும் அக்கடிதம், படத்தில் விரைவஞ்சல் நிறுவனம் வழியாக வருகிறது. அஞ்சல்காரர் வரும்போது ரோமியோ கவனிக்கவில்லை. அவ்விடத்தில் நம் பேத்தி எழுந்து நின்று, “ஐயோ, அந்தக் கடிதம் அவனுக்குக் கிடைக்குமா கிடைக்காதா?” என்று பதறினாள். சொல்லின் பொருளைக் கேட்டவள் கடிதத்தின் கதியைக் கேட்கலானாள்! சொல் ஒவ்வொன்றும் விளங்கியபின் நாடகம் விளங்கும் என்று நாம் எண்ணியிருந்தோம். நடந்தது நேர்மாறானது. நாடகம் விளங்கியதால் சொற்கள் தாமே வழிவிட்டன.

இஃது எவ்வாறு இயல்கிறது? மற்றொரு படத்தைப் பார்த்தால் தெளிவாகும். 1995இல் வெளிவந்த ‘மூன்றாம் ரிச்சர்ட்’ படத்தை ரிச்சர்ட் லான்கிரெய்ன் இயக்கினார். இயன் மெக்கெலன் கொடுங்கோலன் ரிச்சர்டாக நடித்தார். கதை 1930களின் இங்கிலாந்தில், சர்வாதிகாரம் தலைதூக்கும் கற்பனைச் சூழலில் நிகழ்கிறது. நாடகத்தின் தொடக்கத்தில் ரிச்சர்ட் பேசும் தனிமொழி புகழ்பெற்றது. அதன் முற்பகுதியை அவன் வெற்றி விருந்தொன்றில், ஒலிபெருக்கிமுன் நின்று, பலரறியப் பேசுகிறான்; கேட்பவர் கைதட்டுகின்றனர். பின்னர்க் கழிவறைக்குள் சென்று, கண்ணாடியின்முன் தன் உள்ளத்து நஞ்சைக் கக்குகிறான். ஒரே உரை இரண்டாகப் பிளந்து, ஊருக்குச் சொல்லும் பேச்சாகவும் தனக்குச் சொல்லும் பேச்சாகவும் ஆகிவிடுகிறது. அச்சொற்களைப் பேசும் இடந்தான் புதிது. இறுதிப் போரில், குதிரை வேண்டும் என்று அவன் அலறும் இடம் அனைவரும் அறிந்தது. மோட்டார்ப் படையுள்ள காலத்தில் குதிரைக்கு என்ன வேலை என்று நாம் ஐயுறுவோம். அவனுடைய ஜீப் வண்டியின் சக்கரங்கள் நகர மறுத்து வீணே சுழலும்போது அவ்வடி பிறக்கிறது. பொறி கைவிட்டபின் மனிதன் விலங்கைத் தேடுகிறான். பழைய சொல்லுக்குப் புதிய உலகில் ஒரு வேலை கிடைத்துவிட்டது.

இதுவே இக்கலையின் உயிர்நாடி என்பது நம் கருத்து. பழைய மொழியை அணிகலனாகப் பூட்டி அழகு பார்த்தால் அது நடவாது. ஒவ்வொரு சொல்லுக்கும், இன்றைய வாழ்வில் ஒருவன் மற்றொருவனிடம் மெய்யாகவே அதைச் சொல்லவேண்டிய நெருக்கடி ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மைக்கேல் அல்மரேடா 2000ஆம் ஆண்டில் அளித்த ‘ஹாம்லெட்’டில் டென்மார்க் என்பது ஒரு நாடன்று, நியூயார்க் நகரின் பெருவணிக நிறுவனம். ஈதன் ஹாக் நடித்த ஹாம்லெட், கையில் ஒளிப்படக் கருவியுடன் திரியும் இளைஞன். உயிர்வாழ்தலின் பயனை ஐயுற்று அவன் பேசும் உலகறிந்த தனிமொழி, படநாடாக்களை வாடகைக்குத் தரும் கடையில், சண்டைப் படங்கள் அடுக்கிய அலமாரிகளுக்கு இடையே நிகழ்கிறது. செயல் செயல் என்று கூவும் பொருள்களின் நடுவே, செயலற்று நிற்கும் ஒருவன்! ஒஃபீலியாவைத் தந்தை வேவுபார்க்க வைக்கும் காட்சியில் அவள் உடையினுள் ஒலிவாங்கி பொருத்தப்படுகிறது. காதலனிடம் பேசும் பேச்சு பிறர் காதுக்கும் செல்கிறதென்னும் அவள் துயரம், திரைக்குப் பின்னால் ஒளிந்துகேட்கும் பழைய முறையைவிட இங்கே கூர்மையாகத் தைக்கிறது.

இப்படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தபோது ஓர் உண்மை தோன்றிற்று. படம் வெளியான நாளில் புதுமையாக இருந்தவை எல்லாம் இன்று பழம்பொருள்களாகிவிட்டன. படநாடாக் கடைகள் மறைந்தன. தொலைபேசியோடு இணைத்த செய்திப் பதிவுக் கருவியை இன்றைய பிள்ளைகள் அறியார். நானூறாண்டுப் பழமையுடைய சொற்களோ அன்றிருந்த நிலையிலேயே இருக்கின்றன. கோலம் மாறியபோதும் தாங்கி நின்றது மொழியே.

ரேஃப் ஃபைன்ஸ் தாமே இயக்கி நடித்த ‘கொரியலானஸ்’ 2011இல் வந்தது. செர்பியாவின் பெல்கிரேடில் படமாக்கப்பட்ட இக்கதையில், தன்னை ரோம் என்று அழைத்துக்கொள்ளும் ஓரிடம் காட்டப்படுகிறது. தானியத்திற்காக மக்கள் கிளர்கின்றனர். காவற்படை கேடயங்களுடன் எதிர்க்கிறது. பிரிட்டனின் உண்மையான செய்தியாளர் ஜான் ஸ்னோ, செய்யுள் நடையிலேயே போர்ச் செய்தி வாசிக்கிறார். கொரியலானஸ் நாடுகடத்தப்படும் காட்சி தொலைக்காட்சி நிலையத்தில், ஒளிவிளக்குகளின் கீழ் நடக்கிறது. இறுதியில், பகைவரோடு சேர்ந்து தன் நகரையே அழிக்க வந்த மகன்முன் தாய் வொலும்னியா மண்டியிட்டுப் பேசுகிறாள். அத்தாயாக வந்தவர் வனெஸா ரெட்கிரேவ். நீண்ட உரை அது. வெட்டிச் சுருக்க எளிதாக இடம் தருவது. ஆயினும் முகத்தருகே சென்ற படக்கருவியின்முன் அவர் குரலை உயர்த்தாது பேசுகிறார். உரை முடிந்ததும் மகன் பேச்சற்று அவள் கையைப் பற்றுகிறான். பழைய அச்சுப் படியிலேயே காணப்படும் குறிப்பு இது. மேடையில் ஆயிரம் பேருக்குக் கேட்க முழங்கவேண்டிய செய்யுள், திரையில் ஒரு தாய் தன் மகனிடம் மட்டும் சொல்லும் சொல்லாகிவிடுகிறது. திரைப்படம் பழைய மொழிக்குச் செய்த பெரிய உதவி இவ்வடக்கமே.

எல்லாம் நன்மையே என்று சொல்லிவிட இயலாது. மொழியை மாற்றாத இயக்குநர்கள் அதைப் பெரிதும் குறைக்கின்றனர். கென்னத் பிரானா 1996இல் ‘ஹாம்லெட்’டை முழுமையாகப் படமாக்கியபோது அது நான்கு மணி நேரம் ஓடிற்று, அல்மரேடாவின் படமோ இரண்டு மணி நேரத்திற்குள் முடிகிறது. பாதிக்குமேல் வெட்டுண்டது என்பது வெளிப்படை. இனி, பொருந்தாத இடங்களும் உண்டு. ஜாஸ் வீடன் தம் சொந்த வீட்டிலேயே பன்னிரண்டு நாளில் கருப்பு வெள்ளையில் எடுத்த ‘மச் அடூ அபௌட் நத்திங்’ இனிய படம். சமையலறையிலும் மாடிப்படியிலும் நடக்கும் சொற்போர் மிக இயல்பாக இருக்கிறது. ஆனால் அக்கதையில் மணமகளின் கற்பின்மேல் பழி சுமத்தித் திருமணம் மணவறையிலேயே முறிகிறது. அனைவரும் கட்டின்றிப் பழகும் இக்கால விருந்து வீட்டில் அச்சீற்றம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பவர் திகைக்கின்றனர். அவ்விடத்தில் சொல்லுக்குப் புதிய வேலை கிடைக்கவில்லை, எனவே நொண்டுகிறது.

வேறு வழி ஒன்றும் உண்டு. அதை நம் நாட்டினர் நன்கறிவர். விஷால் பரத்வாஜ் 2003இல் ‘மக்பூல்’, 2006இல் ‘ஓம்காரா’, 2014இல் ‘ஹைதர்’ என மூன்று நாடகங்களை மும்பை, உத்தரப் பிரதேசம், காஷ்மீர் ஆகிய நிலங்களுக்குக் கொண்டுவந்தார். அங்கே மொழியும் மாறிற்று. மொழி மாறியதால் அந்நிலங்களின் மண்வாசனை முழுமையாக ஏறிற்று. நம் பம்மல் சம்பந்த முதலியாரும் ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்யன்’ ஆக்கி இவ்வழியிற் சென்றவரே. பிறமொழிச் செல்வத்தை நம் வீட்டிற்குக் கொணர இதுவே நெறி. ஆனால் நம் மொழியின் செல்வத்தை நம் குழந்தைகளுக்கே கொடுக்கும்போது மொழிபெயர்க்க வேண்டிய தேவை என்ன? கடலையும் காலத்தையும் கடந்து வருபவனுக்கு வேற்றாடை வேண்டும்; சொந்த வீட்டிற்குள் வருபவனின் குரலையுமா மாற்றுவது?

நம் பொங்கல் விழாவிற்குத் திரும்புவோம். பிள்ளைகளுக்கு அரச உடை தைப்பதை நிறுத்தினோம். ஜீவகனை ஓர் அலுவலகத் தலைவராகவும், சூழ்ச்சிக்கார அமைச்சன் குடிலனை அவருக்குக் கீழுள்ள அதிகாரியாகவும் அமைத்தோம். கோட்டையின் பெருமை பேசும் இடத்திற்கு, மேசைமேல் விரித்த கட்டட வரைபடம் ஒன்று போதுமானதாயிற்று. அடிகள் பலவற்றைக் குறைத்தோம். எஞ்சியவற்றில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஒத்திகையின் முதல் வாரம் துன்பமாகவே கழிந்தது. குடிலனாக நடித்த சிறுவன் வீட்டில் இந்தியும் பள்ளியில் ஆங்கிலமும் பேசுபவன். செய்யுளை வாய்ப்பாடுபோல ஒப்பித்தான். “மேலதிகாரியிடம் காரியம் சாதிக்க விரும்புபவன் எப்படிப் பேசுவான்?” என்று ஒருநாள் கேட்டோம். சிறிது எண்ணினான். குரலைத் தாழ்த்தி, ஓரடி முன்வந்து, பணிவாகச் சிரித்து, அதே அடிகளைச் சொன்னான். அறையிலிருந்த அனைவருக்கும் உடல் சிலிர்த்தது. குடிலன் எதிரே நின்றான்!

விழா நாளில் அவையினர் எல்லாச் சொற்களையும் புரிந்துகொண்டனர் என்று நாம் சொல்லமாட்டோம். இரண்டோரிடத்தில் சிறுவன் தடுமாறவும் செய்தான். ஆனால் குடிலனின் சூழ்ச்சி பலிக்கும் இடத்தில் முன்வரிசைக் குழந்தைகள், “நம்பாதே, நம்பாதே!” என்று அரசனை நோக்கிக் கத்தினர். உரைநடையாக மாற்றியிருந்தால் அவர்கள் இன்னும் எளிதாகப் புரிந்துகொண்டிருக்கலாம். ஆனால் வீடு திரும்பும் வழியில், பேருந்து நிறுத்தத்தில், அச்சிறுவன் தம்பியோடு விளையாட்டாகச் சொல்லிக்கொண்டு சென்றது சுந்தரம் பிள்ளையின் ஆசிரியப்பாவாக இருந்திராது.

ஊர் மாறி, உடை மாறி, தொழில் மாறி வாழ்பவர் நாம். நம் பிள்ளைகளுக்காக மாற்ற வேண்டியவை பல, மாற்றிக்கொண்டும் வருகிறோம். அவர்களுக்குக் கடினம் என்று மொழியை முதலில் கைவிடுவதற்கு முன்னால், அம்மொழிக்கு இன்றைய வாழ்வில் ஒரு வேலை கொடுத்துப் பார்ப்போமாக. பேசுவதற்கு மெய்யான காரணம் ஒன்று கிடைத்துவிட்டால், பழஞ்சொல் இளையவர் நாவில் தானே வந்து அமர்கிறது.