வினாக்கொத்தில் ஒளிந்திருந்த விடை

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

இப்பாடசாலையில் படித்து ஆய்வுத்துறைக்குப் போன சிலரின் சார்பில் பேசுகிறோம். பெருமை பேச வரவில்லை. நாங்கள் விட்ட ஒரு பிழையைச் சொல்லவே வந்தோம்.

ஆய்வாளர் தாம் ஏற்கெனவே நம்பியதற்குச் சாதகமானதையே தேடுவதை உறுதிப்படுத்தற் சார்பு என்பார்கள். 1960இல் பீற்றர் வேசன் என்ற உளவியலாளர் 2, 4, 6 என்ற எண்களைக் கொடுத்து, அவை அமைந்த விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். வேறு எண்களைச் சொல்லிச் சோதித்துப் பார்க்கலாம். பலர் 8, 10, 12 என்றே போனார்கள். விதியோ ஏறுவரிசை, அவ்வளவுதான். தங்கள் ஊகத்தை உடைக்கக்கூடிய எண்களைச் சொல்லிப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

நம்மைப் பற்றிய ஆய்வும் இப்படி நடந்ததுண்டு. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், மொழியையும் வழக்கங்களையும் காட்டி, இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று கட்டுரை படித்தார். அப்போது அவர் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதி. முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் கிடைத்தது அடுத்த வருடம். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் மறுப்பு எழுதி, அரபு வம்சத்தை நிலைநாட்டினார். இருவரும் கெட்டிக்காரர்கள். ஆனால் இருவருக்கும் முடிவுதான் முதலில் வந்தது என்பது எங்கள் எண்ணம்.

இதையெல்லாம் படித்திருந்தும் நாங்கள் சறுக்கினோம். 2004 சுனாமிக்குப் பிறகு, இந்தக் கரையிலே வினாக்கொத்தோடு வீடு வீடாகப் போனோம். முதல் கேள்வி: குடும்பத் தலைவரின் பெயர். ஒரு மூத்தம்மா எங்களைப் பார்த்துக் கேட்டார்:

"வீடு என்ட உம்மா எனக்குத் தந்த. அவர் இஞ்ச மாப்பிள்ளையா வந்தவர். ஆர தலைவரெண்டு எழுதப்போறீங்க, புள்ள?"

வெட்கமாகப் போய்விட்டது. குடி உம்மா வழியில் வருவதும், வீடு மகளுக்குச் சீதனமாவதும் நமக்குத் தெரியாததா? அக்கரைப்பற்றில் 1969 முதல் களஆய்வு செய்த அமெரிக்கரான டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். உம்மாவின் வீட்டில் வளர்ந்த நாங்களோ, எங்கிருந்தோ வந்த படிவத்தை அப்படியே அச்சடித்துக்கொண்டு போயிருந்தோம்!

இது வெறும் சொற்பிழை அல்ல. அதே கணக்கில்தான், புதிதாகக் கட்டிய வீடுகள் பலவற்றின் உறுதி கணவன் பெயருக்குப் போனது. அலை கொண்டுபோன வளவோ மனைவியின் பெயரில் இருந்தது. மகளுக்குக் கொடுக்கத் தாய்க்கு வீடில்லாமல் போயிற்று.

பிறகு அந்தக் கேள்வியைப் பிரித்தோம். உறுதி யார் பெயரில்? கலியாணம் முடித்து வீடு மாறி வந்தவர் யார்? உழைப்பவர் யார்? கேட்ட வீடுகளுக்கே திரும்பப் போனோம். முதலில் நிரப்பிய தாள்களை எறியவில்லை, அலுமாரியில் கிடக்கின்றன. முதல் நிரலில் அநேகமாக எல்லாம் ஆண்களின் பெயர்கள். அவற்றைச் சொன்னவர்கள், அந்த வீடுகளுக்கு உரிமையாக இருந்த பெண்கள்.