அழைக்கும்பொழுது கைப்பேசி கேட்கும் கேள்விகள்
(கிராமசபைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



குடிநீர், சாலை, பள்ளிக் கட்டிடம் ஆகியவற்றைப் பற்றிப் பேசி முடித்த இந்தச் சபையில், ஒவ்வொருவர் மடியிலும் சட்டைப் பையிலும் இருக்கும் ஒரு சிறு கருவியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

முற்காலத்தில் ஊருக்கு ஒரு தொலைபேசி இருந்தால் அதுவே பெரிது. வெளியூருக்குப் பேச வேண்டுமானால் தொலைபேசி நிலையத்தில் பதிவு செய்து காத்திருப்போம். “எந்த ஊர், எந்த எண்?” என்று ஒரு மனிதர் கேட்பார், நாமும் பதில் சொல்வோம். 1960ஆம் ஆண்டில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே நேரடியாக எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதி நம் நாட்டில் முதன்முதலாக வந்தது. அதிலிருந்து இடையில் நின்று கேட்கும் மனிதர் படிப்படியாக மறைந்தார். இன்றோ கேள்விகள் மறுபடியும் வந்துவிட்டன. ஆனால் கேட்பவர் யார் என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை.

சென்ற மழைக்காலத்தில் நாங்கள் சென்றிருந்த ஓர் ஊரில், இரவு நேரத்தில் ஒரு பசு கன்று ஈன முடியாமல் தவித்தது. வீட்டிலிருந்த அம்மையார் கால்நடை மருத்துவரை அழைக்க முயன்றார். மகன் பட்டணத்திலிருந்து வாங்கிக் கொடுத்த கைப்பேசி, “சிம் 1, சிம் 2” என்று இரண்டு பெயர்களைத் திரையில் காட்டியது. அவர் முதலாவதைத் தொட்டார். அதன் காலக்கெடு முடிந்திருந்தபடியால், அழைக்கும் வசதி நிறுத்தப்பட்டிருப்பதாக ஒரு குரல் சொல்லிற்று. கருவி பழுதாகிவிட்டது என்று எண்ணிய அந்த அம்மையார், சேற்றில் நடந்து மூன்றாவது தெருவிலிருந்த உறவினரை எழுப்பினார். மருத்துவர் வந்தார், பசு பிழைத்தது, கன்று பிழைக்கவில்லை. இரண்டாவது பெயரைத் தொட்டிருந்தால் அழைப்பு உடனே சென்றிருக்கும். இது அந்த அம்மையாரின் குற்றமன்று. அவருக்குச் சொல்லிக் கொடுக்காத நம் அனைவரின் குற்றம்.

ஆகவே, எதிர்பாராத கேள்வி எழும்பொழுது, “கேட்பது யார்?” என்று முதலில் யோசிக்க வேண்டும். கேட்பவர் மூன்று வகையினர்.

முதலாவது, கைப்பேசியே கேட்பது. இதில் அஞ்ச வேண்டியது ஒன்றுமில்லை. எந்த சிம் வழியாகப் பேசுவது என்று ஒவ்வொரு முறையும் கேட்டால், செட்டிங்ஸ் பகுதியில் சிம் கார்டு என்னும் தலைப்பைத் திறந்து, அழைப்புகளுக்கு ஒரு சிம்மை நிலையாகக் குறித்துவிடலாம். புதிய செயலி ஒன்றை ஏற்றிய பின் “எதன் மூலம் அழைப்பது?” என்று கேட்டால், பழைய தொலைபேசிச் செயலியையே தேர்ந்தெடுத்து, “எப்போதும்” என்பதைத் தொட வேண்டும். விமானக் குறி எரிந்தால் அதை அணைத்தால் போதும். சிம்முக்குரிய பின் எண்ணைக் கேட்டால் மட்டும் ஊகித்துப் போடலாகாது. மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்க பி.யூ.கே. என்னும் 8 இலக்க எண் வேண்டும். அதையும் பத்து முறை தவறாகத் தந்தால் அந்த சிம் நிரந்தரமாகப் பயனற்றுப் போகும். அவசர காலத்தில் பூட்டிய திரையிலிருந்தே 112 என்ற எண்ணை அழைக்கலாம் என்பதையும் அனைவரும் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, சேவை நிறுவனம் சொல்வது. தரைவழித் தொலைபேசியிலிருந்து கைப்பேசியை அழைக்க, 2021 ஜனவரி 15 முதல் எண்ணுக்கு முன்னால் 0 சேர்க்க வேண்டும். இதை அறியாதோர் எண் தவறு என்று எண்ணிக் கைவிடுகிறார்கள். மணி அடிப்பதற்குப் பதிலாகப் பாட்டு ஒலித்து, “இப்பாடலைப் பெற நட்சத்திரக் குறியை அழுத்துக” என்று குரல் கேட்டால், அது இலவசமென்று எண்ணலாகாது, கட்டணம் பிடிக்கப்படலாம். பேசி முடித்ததும் திரையில் தானே தோன்றும் விளம்பரத்துக்கு “ஓகே” கொடுத்துப் பணம் இழந்தவர் பலர். அப்பொழுது “கேன்சல்” என்பதையே தொட வேண்டும். கைப்பேசியில் உள்ள சிம் டூல்கிட் என்னும் பகுதியில் இவ்வகை விளம்பரங்களை நிறுத்தும் வழி பெரும்பாலும் இருக்கும். வேண்டாத சேவை சேர்ந்துவிட்டால் 155223 என்ற எண்ணை அழைத்து நீக்கச் சொல்லலாம்.

மூன்றாவது, வஞ்சகர் கேட்பது. இதில்தான் பேராபத்து இருக்கிறது. “உங்கள் தொலைபேசி இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், 9ஐ அழுத்துக” என்று ஒரு குரல் மிரட்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் எவரையும் இவ்வாறு அழைப்பதில்லை. இன்னொருவர், “பார்சல் வந்திருக்கிறது, நட்சத்திரக் குறி, 401 அல்லது 21, பிறகு இந்த எண்ணைப் போடுங்கள்” என்பார். போட்டால் நமக்கு வரும் அழைப்புகள் அவரிடம் திரும்பிவிடும். குரல் வழியாக வரும் ரகசியக் குறியீட்டு எண்ணும் அவர் காதில் விழும். பிறகு நம் கணக்கு அவர் கையில். இக்கொடுமையைத் தடுக்க, குறியீடுகளை அழுத்தி அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்குமாறு மத்தியத் தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது. ஆயினும் நம் விழிப்பு தளரலாகாது. அந்நியர் சொல்லும் எந்தக் குறியீட்டையும் அழுத்தாதீர்கள். ஐயம் எழுந்தால் *#21# என்று அழைத்துப் பாருங்கள். அழைப்பு வேறெங்கும் திருப்பப்பட்டிருந்தால் பெரும்பாலும் அது திரையில் தெரியும். ##002# என்பது அனைத்துத் திருப்பல்களையும் நீக்கும் குறியீடு. அது பலிக்கவில்லையெனில் சேவை நிறுவனத்தின் உதவியைக் கேளுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930ஐ அழையுங்கள். தாமதம் குறையக் குறைய, பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்கும் வாய்ப்பு மிகும்.

அன்பர்களே, படித்த இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவரும் அக்கம்பக்கத்தில் உள்ள முதியோரின் கைப்பேசியை, அவர்கள் அருகிலிருந்து, அவர்கள் அனுமதியுடன் பார்வையிடுங்கள். அழைக்கும் சிம்மை நிலைப்படுத்துங்கள். காலக்கெடு எப்பொழுது முடிகிறது என்று தாளில் எழுதிக் கொடுங்கள். மருத்துவர் எண்ணைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள். நீங்களே செய்துவிட்டுப் போகாமல், அவர்கள் விரலாலேயே ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். கை பழகினால்தான் இரவில் அச்சம் வராது.

கேள்வி எழுந்தால் நிதானமாகப் படிப்போம், கேட்பவரை அறிவோம், அதன் பிறகே விரலை வைப்போம். இப்பழக்கம் ஊரில் பரவினால், அடுத்த மழைக்காலத்தில் நம் தாய்மார் எவரும் சேற்றில் நடந்து கதவைத் தட்ட வேண்டியதில்லை.