குடற்புழு மருந்தும் மூளைப் புற்றுநோயும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



குடற்புழு நீக்க நாளன்று பள்ளிகளில் பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை வழங்குகிறோம். அதன் இனத்தைச் சேர்ந்த மெபெண்டசோல் என்னும் மருந்தைப் பற்றி இன்று சில சொல்ல விழைகிறோம்.

மூளையில் தோன்றும் புற்றுநோய்களுள் மிகக் கொடியது கிளையோபிளாஸ்டோமா. அறுவை செய்து கட்டியை அகற்றினாலும், நல்ல திசுவுக்குள் ஊடுருவிய புற்றணுக்கள் எஞ்சிவிடும். நஞ்சு மூளைக்குள் புகாவண்ணம் குருதிக் குழாய்களில் இயற்கை அமைத்த தடுப்பு, மருந்துகள் பலவற்றையும் தடுத்துவிடுகின்றது. 2005இல் வெளியான ஆய்வின்படி, கதிர்வீச்சு மட்டும் பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 12.1 மாதம், டெமோசோலமைடு மருந்தும் சேர்த்துப் பெற்றோர்க்கு 14.6 மாதம்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கிரிகரி ரிக்கின்ஸ் குழுவினர் சுண்டெலிகளின் மூளையில் புற்றணுக்களைப் பதித்து ஆராய்ந்து வந்தனர். ஒருமுறை கட்டி வளரவில்லை. அவ்வெலிகளுக்குக் குடற்புழு நீங்க பென்பெண்டசோல் கொடுக்கப்பட்டிருந்தது. ஆய்வு கெட்டதென்று ஒதுக்கிவிடாமல், காரணம் யாதென வினவினர். மனிதர் உண்ணும் மெபெண்டசோலை எலிகளுக்கு அளித்து, அவற்றின் வாழ்நாள் நீண்டதை 2011இல் வெளியிட்டனர். புழுவின் உயிரணுவிலுள்ள நுண்குழல்களைக் குலைக்கும் அம்மருந்து, பெருகும் புற்றணுவின் நுண்குழல்களையும் குலைக்கின்றது.

ஆயினும் எலி வேறு, மனிதர் வேறு. மெபெண்டசோல் மனிதரிடம் இந்நோயை வெல்லும் என்பது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. மெக்சிகோவில் மலேரியா மருந்தாகிய குளோரோகுயினை 30 நோயாளரிடம் ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். அம்மருந்தைப் பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 24 மாதம். பெறாதோர்க்கு 11 மாதம். எனினும் ஆய்வுக்குட்பட்டோர் சிலரே ஆதலின், இது தற்செயலன்று என உறுதி கூற இயலவில்லை.

அங்ஙனமாயின் பலரிடம் ஆராயலாகாதா? காப்புரிமை தீர்ந்த மலிவான மருந்தால் கம்பெனிகளுக்கு ஆதாயமில்லை. பெருஞ்செலவு செய்ய அவை முன்வருவதில்லை. அரசின் பொருளும் பொதுமக்கள் பொருளுமே அதற்குத் துணை. அதுவரை கடையில் வாங்கித் தாமே விழுங்குதல் கூடாது. மிகுந்த அளவு கல்லீரலைக் கெடுக்கும்.

விலை குறைந்தது என்பதனால் ஒரு பொருள் தகுதி குறைந்ததாகாது. இதனை நம்மினும் நன்கு உணர்ந்தோர் யார்? தகுதியைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே நாம் கேட்பது. அச்சோதனையை நடத்தும் இடத்தில் நம் பிள்ளைகளும் அமர வேண்டும். பெற்றோர்களே, கணக்கும் அறிவியலும் கடினமென்று அஞ்சி அவர்களைத் தடுத்துவிடாதீர்கள்.