மட்டக்குளியில் எட்டு நாள்

(தோட்ட மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்த கையோடு, கால் கழுவக்கூட நேரமில்லாமல் வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டிப் பேச மாட்டோம். போன ஆகஸ்ட் லீவில் மாதா கோயில் வாலிபர் பதினொரு பேரோடு மட்டக்குளிக்குப் போனோம். கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பிள்ளைகள் இல்லமொன்றில் எட்டு நாள் வேலை செய்தோம். "கொழும்பு பார்க்கத்தானே போனீங்க?" என்று சிலர் கேலி செய்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பேச்சு.

மட்டக்குளி கொழும்பின் வடக்குக் கோடி. களனி கங்கை கடலில் விழுகிற பக்கம். நம்ம மஸ்கெலி ஓயாத் தண்ணியும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேருகிறது. ஹற்றனில் ரயிலேறி, கோட்டையில் இறங்கி, பஸ் பிடித்துப் போனோம். பிள்ளைகளுக்குக் கொடுக்க பிஸ்கட், பலூன், பந்து எல்லாம் மூட்டை கட்டியிருந்தோம். பெரிய சிஸ்டர் மூட்டையை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, எங்கள் கையில் சவர்க்காரத்தைக் கொடுத்தார். முதல் இரண்டு நாளும் பிள்ளைகளின் பீத்துணியும் படுக்கைத் துணியும் துவைத்ததுதான் எங்கள் ஊழியம். நம்ம வாலிபர்களுக்கு முகம் வாடிப்போச்சு. கல்கத்தாவில் அன்னை தெரேசா 1955 இல் தொடங்கிய சிசு பவனுக்கு உலகமெங்குமிருந்து தொண்டர்கள் போகிறார்கள். அங்கேயும் துணி துவைப்பது பெரிய வேலைதான் என்று சிஸ்டர் சொன்ன பிறகே அவர்கள் சமாதானமானார்கள்.

மூன்றாம் நாள் சோறூட்டப் பழக்கினார்கள். கை கால் வராத பிள்ளைகளுக்கு ஊட்டுவது நாம் நினைக்கிற மாதிரி லேசு இல்லை. படுக்க வைத்து ஊட்டினால் சோறு மூச்சுக்குழாயில் போய்விடும். நிமிர்த்தி உட்கார வைத்து, தலையைத் தாங்கி, சின்னக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த கரண்டி. ஒரு பிள்ளைக்கு முக்கால் மணி நேரம் போகும். தடிமன் பிடித்தவர் அந்த அறைக்குள் நுழையவே கூடாது. நம்ம லயத்திலும் இப்படியான பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால்தான் இதை விபரமாகச் சொல்கிறோம். இரண்டு பேர் பொரளை லேடி ரிஜ்வே ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் பிள்ளைகளோடு துணைக்குப் போனார்கள். 1895 ஆம் ஆண்டிலிருந்து நாட்டின் நோயாளிப் பிள்ளைகளைப் பார்க்கிற ஆஸ்பத்திரி அது. விடியப் போய்ப் பின்னேரம் திரும்பினார்கள். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு காத்திருப்பதும் ஒரு வேலைதான்.

இனி, எங்களை உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறோம். கடைசி நாள் நம்ம பெண்பிள்ளை ஒருத்தி, கழுத்தைக் கட்டிக்கொண்டு விடாத ஐந்து வயதுப் பையனிடம், "நாளைக்கு வாறேன்டா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அழுகையை நிறுத்தச் சொன்ன பொய். ஒரு கிழமை கழித்து டெலிபோன் எடுத்தபோது சிஸ்டர் கோபப்படாமல் சொன்னார்: பையன் மூன்று நாளாகக் காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தானாம். வருகிறவர் எல்லாரும் கொஞ்சிவிட்டுப் போய்விட்டால், பிள்ளைக்கு யாரையும் நம்ப முடியாமல் போய்விடும். நாங்களும் அவளுக்கு முன்கூட்டிச் சொல்லிக் கொடுக்கவில்லை. குற்றம் எங்களுடையது.

நம்ம பாட்டன் பூட்டன் ஊர்ப் பக்கம், திருநெல்வேலிச் சீமையில், டோனாவூர் இருக்கிறது. அயர்லாந்துக்காரி ஏமி கார்மைக்கேல் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்யப் போனவர். 1901 இல் கோயிலிலிருந்து தப்பி ஓடிவந்த ஒரு சிறுமி அவரிடம் சேர்ந்தாள். பிறகு பிள்ளைகள் கூடக்கூட ஊர் சுற்றுவதை விட்டு அவர்களோடேயே இருந்துவிட்டார். இந்தியாவில் 55 வருடம் இருந்தும் ஒருதரம்கூட ஊருக்குத் திரும்பவில்லை. 1951 இல் அங்கேயே இறந்தார். அங்கே பிள்ளைகளுக்கு அவர் "அம்மா". வளர்த்த தமிழ்ப் பெண்கள் "அக்காள்", வெளிநாட்டுப் பெண்கள் "சித்தி". சம்பளம் கிடையாது. அவர்களோடு எங்கள் எட்டு நாளை ஒப்பிட வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எட்டு நாள்தான் முடியுமென்றால் துணியைத் துவைக்கலாம், அம்மா மாதிரி நடிக்கக் கூடாது.

இன்னொன்று. இல்லத்தில் இருப்பவர்கள் எல்லாரும் அநாதைகள் என்று நினைத்துப் போனோம். அப்படி இல்லை. சேவ் த சில்ரன் அமைப்பு 2005 இல் நம் நாட்டு இல்லங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையும், அங்குள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்றே சொல்கிறது. அம்மா வெளிநாட்டில், அப்பா குடியில், வீட்டில் கஷ்டம். வறுமையை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாதென்று ஐக்கிய நாடுகள் சபை 2009 இல் வழிகாட்டல் ஏற்றுக்கொண்டது. ஆகவே யாராவது வந்து, "கொழும்பு ஹொஸ்டலில் சேர்க்கிறேன், பிள்ளையைத் தாங்க" என்றால் கொடுத்துவிடாதீர்கள். முதலில் எங்களிடம் வாங்க. நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்து உத்தியோகத்தரைச் சேர்ந்து போய்ப் பார்ப்போம். பிள்ளைக்கு ஆபத்தென்று தெரிந்தால் 1929 இலக்கத்துக்கு அடியுங்கள்.

அங்கே பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒன்றும் இருந்தது, இழுப்பு நோய்க்காரப் பிள்ளை. தாய் இல்லை. தகப்பன் இரண்டு வருடமாக வரவில்லை. திரும்பி வந்ததும் அவரைத் தேடிப் போனோம். முதலில் பேசவே மறுத்தார். பிறகு, "வெறுங்கையோட எப்படிங்க போறது? சட்டைகூட நல்லதா இல்லை" என்றார். காசும் வெட்கமும்தான், வேறொன்றுமில்லை. ரயில் செலவை நலன்புரிச் சங்கம் போட்டது. போன மாதம் எங்களோடு வந்தார். பிள்ளை அவரை உடனே அடையாளம் காணவில்லை. சிஸ்டர் கரண்டியை எங்களிடமிருந்து வாங்கி அவர் கையில் கொடுத்தார். நாங்கள் துணி துவைக்கப் போய்விட்டோம். அடுத்த மாதமும் அவர் வருகிறார். இந்தத் தடவை அரைவாசிச் செலவு தன்னுடையது என்று சொல்லியிருக்கிறார்.